‘ப… ட… இம்’: எழுத்து எப்போது ஒலியாகிறது?

அக்கா மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். சுவரில் மாட்டிய எழுத்து அட்டையில் எதைத் தொட்டாலும் பெயர் சொல்லிவிடுவாள். போன மாதம் அவள் புத்தகத்தில் ‘படம்’ என்ற சொல்லைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். விரலை ஒவ்வொன்றாக வைத்து, “ப… ட… இம்” என்றாள்.

“சரி, சேர்த்துச் சொல்லு.”

“படஇம்.”

“அப்படின்னா என்ன?”

பதிலில்லை, என் முகத்தையே பார்த்தாள். அடுப்படியிலிருந்து அக்கா, “எழுத்தெல்லாம் தெரியும்டா அவளுக்கு. படிக்கத்தான் சோம்பல்” என்றாள்.

சோம்பல் இல்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்புகூட இல்லை. ‘ம்’ என்ற எழுத்தை ‘இம்’ என்றுதானே நாம் சொல்லிக்கொடுக்கிறோம்? இக், இங், இச் என்று மெய்யெழுத்துக்கெல்லாம் முன்னால் ஓர் ‘இ’ போடுகிறோம். க், ட் போன்றவற்றைத் தனியாக வாயில் நிறுத்த முடியாது என்பதால் அந்த ‘இ’ ஒரு கைப்பிடி மாதிரி. பாத்திரத்தை இறக்கியதும் கைப்பிடியை விட்டுவிட வேண்டும் என்று குழந்தையிடம் யாரும் சொல்வதில்லை. போன தலைமுறைக்கு இதைவிட நீளமான கைப்பிடிகள் இருந்தன: ஆனா, ஆவன்னா, கானா, மாவன்னா. பெயரின் தலைப்பெழுத்தை ‘மூனா கானா’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

ஆக, ஓர் எழுத்துக்கு வடிவம் ஒன்று, பெயர் ஒன்று, ஒலி ஒன்று. என் மருமகளுக்கு வடிவமும் பெயரும் ஒட்டிக்கொண்டுவிட்டன. வடிவமும் ஒலியும் ஒட்டவில்லை. நமக்கு மூன்றும் ஒன்றாகத் தெரிவதற்குக் காரணம், அந்த ஒட்டுவேலை நம் மூளைக்குள் எப்போதோ முடிந்துபோனதுதான். அது நடந்தது நமக்கு ஞாபகமே இல்லை.

அந்த ஒட்டு அறுந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர் பாரிஸ்காரர் ஒருவர். துணி வியாபாரம் செய்தவர், நன்றாகப் படித்தவர், இசை ரசிகர். மருத்துவக் குறிப்புகளில் ‘திருவாளர் சி.’ என்று வருகிறார். 1887 அக்டோபரில் ஒரு நாள் திடீரென்று அவரால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியவில்லை. பார்வை போய்விடவில்லை. எதிரில் நிற்பவர்களைத் தெரிந்தது, பொருள்களைத் தெரிந்தது, எண்களைக்கூடப் படித்தார், கணக்குப் போட்டார். எழுத்தின் வடிவமும் கண்ணுக்குத் தெரிந்தது: ரோமன் எழுத்து ‘ஏ’ ஓவியர் வைக்கும் தாங்கி மாதிரி இருக்கிறது, ‘இசட்’ பாம்பு மாதிரி இருக்கிறது என்று வர்ணித்தார். அது என்ன எழுத்து என்று மட்டும் சொல்ல வரவில்லை. இதில் விந்தை, அவரால் எழுத முடிந்தது. சொல்லச் சொல்லப் பிழையில்லாமல் எழுதுவார். எழுதி முடித்த தாளை அவரிடமே நீட்டினால் விழிப்பார். எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தால் மட்டும், கை நினைவிலிருந்து அது இன்ன எழுத்து என்று பிடிபட்டது.

அவரைப் பரிசோதித்த நரம்பியல் மருத்துவர் ஜூல் டெஜரின், 1892-இல் அவர் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தார். இடது பின்பகுதியில் பழைய சேதம். பார்வையும் இருக்கிறது, மொழியும் இருக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாலம்தான் இடிந்திருக்கிறது என்பது டெஜரினின் முடிவு. நூறாண்டு கழித்து மூளைப் படக் கருவிகள் வந்தபோதும் அந்த அடிப்படைக் கணிப்பு பெரிதாக மாறவில்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சின் மூளை ஆய்வாளர்கள் லோரான் கோயன், ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் ஆகியோர், படிக்கத் தெரிந்தவர்களின் மூளையில் இடது பக்கம், காதுக்குப் பின்னால், அடிப்பரப்பில் ஒரு சின்ன இடம் எழுத்துச் சரங்களுக்கு மட்டும் தனியாகத் துள்ளுவதைக் காட்டினார்கள். தமிழில் ‘சொல்லுருப் பகுதி’ என்று வைத்துக்கொள்வோம். சீனம் படிப்பவருக்கும் ஹீப்ரு படிப்பவருக்கும் ஏறக்குறைய அதே இடம். பிறவியிலேயே பார்வையில்லாதவர்கள் விரலால் பிரெயில் படிக்கும்போதும் அதே இடம் வேலை செய்கிறது என்று 2011-இல் வந்த ஆய்வு சொன்னது. கண்ணே சம்பந்தப்படாத படிப்புக்குக்கூட!

இதில் ஒரு சிக்கல் உண்டு. எழுத்து என்ற ஒன்று உலகத்தில் தோன்றி ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதிலும் சாதாரண மக்கள் பரவலாகப் படிக்கத் தொடங்கியது நேற்று முந்தாநாள் கதை. படிப்பதற்கென்று ஓர் உறுப்பு பரிணாமத்தில் முளைக்க இந்தக் காலம் போதாது. அப்படியானால் அந்த இடம் எங்கிருந்து வந்தது? ஏற்கெனவே வேறு வேலை பார்த்த இடத்தை எழுத்து இரவல் வாங்குகிறது என்பது தெஹேனின் விளக்கம். முகம், பொருள், கோடுகள் சேரும் முனைகள் ஆகியவற்றை அடையாளம் காணும் பகுதிக்கு நடுவில் எழுத்து வந்து குடியேறுகிறது. 2010-இல் போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் 63 பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வில் படிக்காதவர்கள், வயதான பிறகு படித்தவர்கள், சிறுவயதில் படித்தவர்கள் என்று மூன்று தரப்பும் இருந்தார்கள். படிப்பு ஏற ஏற அந்த இடம் எழுத்துக்குப் பழகியது. முகத்துக்கான வேலை கொஞ்சம் வலப் பக்கம் ஒதுங்கியது. சரி, புதுக் குடித்தனக்காரர் வந்தால் பழையவர் வெளியேற வேண்டுமா? அப்படியொன்றும் இல்லை என்றது லக்னோ பக்கத்துக் கிராமங்களில் இந்தி பேசும் மக்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு. அங்கே முகத்துக்கான துலங்கல், அதாவது மூளை காட்டும் எதிர்வினை, குறையவில்லை. எழுத்து பக்கத்தில் இடம் போட்டுக்கொண்டது. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

ஏன் அந்த இடமே என்ற கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் வேறு ஓர் ஆய்வில் இருக்கிறது. படிக்கத் தெரியாத ஐந்து வயதில் பிள்ளைகளின் மூளையைப் படமெடுத்து, எட்டு வயதில் மறுபடி எடுத்தார்கள். எட்டு வயதில் சொல்லுருப் பகுதி எங்கே உருவாகியிருக்கும் என்பதை, ஐந்து வயதில் எந்த இடத்துக்கு எங்கெங்கே நரம்பு வழிகள் போயின என்பதை வைத்தே ஓரளவு சொல்ல முடிந்தது. பேச்சுப் பகுதிகளோடு ஏற்கெனவே நல்ல தொடர்புள்ள இடம்தான் பிறகு எழுத்துக்கு வீடாகிறது. அதாவது சாலை முன்பே இருக்கிறது. கடை அதன் ஓரமாகப் பார்த்து வருகிறது.

அந்தச் சாலை போய்ச் சேரும் ஊர் காதோரம் இருக்கிறது. கன்னப்பொட்டுக்குப் பின்னால், மூளையின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் ஒரு மடிப்பு. அதன் ஒரு பக்கம் கேட்கும் ஒலிகளைப் பகுக்கும் பகுதிகள். பேசுபவரின் உதட்டசைவையும் குரலையும் சேர்த்துப் புரிந்துகொள்ள அந்த மடிப்பு முன்பே பழகியிருக்கிறது. எழுத்தும் ஒலியும் சந்திப்பதும் அங்கேதான்.

இதைப் படமாகக் காட்டியது நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகக் குழு, 2004-இல். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருப்பவருக்கு ஓர் எழுத்தைக் காட்டுகிறார்கள், கூடவே ஓர் ஒலியைக் கேட்கவைக்கிறார்கள். சில நேரம் இரண்டும் பொருந்தும், சில நேரம் பொருந்தாது. அந்த மடிப்பு துள்ளியது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அதற்குக் கீழ்நிலையில், ஒலியைக் கேட்பதற்கென்றே உள்ள பகுதியில் நடந்தது. பொருத்தமான எழுத்து கண்ணில் பட்டால் அங்கே ஒலிக்கான துலங்கல் கூடியது. பொருந்தாத எழுத்து பட்டால் அமுங்கியது. கேட்கிற இடத்துக்குக் கண் வழியாகச் செய்தி போகிறது. காதில் விழுவதை எழுத்து திருத்துகிறது என்றே சொல்லலாம்.

அடுத்து அவர்கள் செய்த சோதனைதான் என் மருமகள் விஷயத்துக்கு நேராக வருகிறது. ஒரே ஒலியை அ, அ, அ, அ என்று ஓடவிட்டு, நடுவில் திடீரென்று ‘ஓ’ என்று மாற்றினால், நாம் கவனிக்காவிட்டாலும் மூளை அலையில் ஒரு சின்னத் துள்ளல் வரும். சத்தத்தோடு அதே நொடியில் திரையில் ‘அ’ எழுத்தையும் காட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? பெரியவர்களிடம் அந்தத் துள்ளல் இன்னும் பெரிதானது. வந்த ‘ஓ’ முந்தின ஒலிக்கு மட்டும் விரோதமில்லை, எழுத்துக்கும் விரோதம். எழுத்துக்கும் ஒலிக்கும் நடுவில் நொடியில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என இடைவெளி விடவிட அந்தக் கூடுதல் தேய்ந்துபோனது. அவ்வளவு இறுக்கமான கட்டு அது.

இதையே பிள்ளைகளிடம் செய்து பார்த்தார்கள். ஓராண்டு பள்ளிக்கூடம் போய்வந்த பிள்ளைகளுக்கு எல்லா எழுத்தும் தெரிந்திருந்தது. கேட்டால் பிசகாமல் சொன்னார்கள். ஆனால் மூளை அலையில் எழுத்தின் சுவடே இல்லை. திரையில் எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நான்காண்டு படித்த, பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு தாக்கம் தெரிந்தது. அதுவும் அரை நொடிக்கு மேல் தாமதமாக, பின்னாலேயே ஓடிவந்த மாதிரி. பெரியவர்களின் உடனடி இணைப்பு அவர்களுக்கும் இன்னும் வரவில்லை. இத்தனைக்கும் டச்சு மொழியின் எழுத்துமுறை ஆங்கிலம் அளவுக்குக் குளறுபடியானது இல்லை.

வீட்டில் நாம் சில மாதங்களில் ‘எழுத்து தெரிந்துவிட்டது’ என்று முடித்துவிடும் வேலை மூளைக்குள் வருடக்கணக்கில் இழுக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருந்தது. எழுத்து தெரிவது வேறு, எழுத்து கேட்பது வேறு. படிப்பதில் தொடர்ந்து சிரமப்படும், டிஸ்லெக்சியா உள்ளவர்களிடம் இதே குழு பார்த்தபோது அந்த வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் கேட்கும் பகுதியில், பொருந்திய ஜோடிக்கும் பொருந்தாத ஜோடிக்கும் வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. ‘தெரிந்துகொண்டே தப்பாகப் படிக்கிறான்’ என்று திட்டு வாங்கும் பிள்ளையின் நிலை அதுதான்.

கட்டு இறுகத்தான் வருடங்கள். தொடக்கம் வேகமாகவே நடக்கிறது. சுவிட்சர்லாந்தில் இன்னும் படிக்கத் தொடங்காத மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஒலியைக் கேட்டு அதற்கான எழுத்தைப் பிடிக்கும் கணினி விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். பின்லாந்தில் உருவான விளையாட்டு அது. எட்டு வாரத்தில் மொத்தம் நான்கு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியதற்கே சொல்லுருப் பகுதி எழுத்தைத் தனித்து அடையாளம் காணத் தொடங்கியது என்று 2010-இல் எழுதினார்கள். ஒப்பிடுவதற்காகக் கொடுத்த எண் விளையாட்டு அந்த மாற்றத்தைத் தரவில்லை. திரும்பத் திரும்ப எழுத்தைப் பார்ப்பதால் வருவதில்லை இது; பார்க்கும்போதே கேட்க வேண்டும்.

இதுவரை எழுத்து ஒலியை நோக்கிப் போகும் திசையைச் சொன்னேன். எதிர்த்திசையிலும் ஒரு வேலை நடக்கிறது, அதுதான் இன்னும் சுவாரசியம். ஒட்டுவதற்கு ஒலி தனித்தனியாக இருக்க வேண்டுமே! நாம் பேசும்போது ஒலிகள் தனித்தனியாக வருவதில்லை. கூழ் மாதிரி ஒன்றோடொன்று கலந்துதான் வருகின்றன. 1979-இல் போர்ச்சுகலின் கிராமப்புறத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் ஒரு சின்ன விளையாட்டு நடத்தினார்கள். ஒரு சொல்லின் முதல் ஒலியை எடுத்துவிட்டு மீதியைச் சொல்ல வேண்டும். தமிழில் வைத்துச் சொன்னால், ‘மாடு’ என்பதில் ‘ம்’மை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ‘ஆடு.’ உங்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. அங்கே படிக்காதவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள். அதே ஊர்ப்புறத்தில் பெரியவர்களான பிறகு முதியோர் வகுப்பில் படித்தவர்கள் செய்துவிட்டார்கள். அறிவுக் குறைவு என்று சொல்ல முடியாது. ‘ம்’ என்று ஒன்று தனியாக இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் காட்டியதில்லை, அவ்வளவுதான். சீனாவிலும் இதே கதை: சீனச் சொல்லெழுத்து மட்டும் படித்தவர்களுக்கு இது வரவில்லை; ரோமன் எழுத்தில் ஒலி காட்டும் பின்யினும் படித்தவர்களுக்கு வந்தது. படிப்பு என்பது போதாது. எந்த மாதிரி எழுத்தைப் படித்தோம் என்பது காதையே மாற்றுகிறது.

இந்த இடத்தில் தமிழ் எழுத்து எங்கே நிற்கிறது? நடுவில். ‘மா’ என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து, காதுக்கு ம் + ஆ. கன்னட எழுத்தும் இதே குடும்பம்தான். கன்னடப் பள்ளிகளில் ஆய்வாளர் சோனாலி நாக் செய்த ஆய்வில், நான்காம் வகுப்பு வரைக்கும் பிள்ளைகள் எழுத்துகளைக் கற்றுக்கொண்டே இருந்தார்கள், ஒலியைப் பிரிக்கும் திறமை மெதுவாகத்தான் வந்தது. பின்லாந்துப் பிள்ளை முதல் வகுப்பு முடிவில் பழகிய சொற்களில் நூற்றுக்கு 98-ஐச் சரியாகப் படிக்கிறது, ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளை 34-ஐத்தான் படிக்கிறது என்று 2003-இல் வந்த ஐரோப்பிய ஒப்பீடு சொன்னது. ஒழுங்கு என்று பார்த்தால் தமிழ் பின்லாந்துப் பக்கம். எண்ணிக்கை என்று பார்த்தால் 247. எந்த ஐரோப்பியப் பிள்ளைக்கும் இந்தச் சுமை இல்லை. ஆனால் நம்மிடம் புள்ளி இருக்கிறது. கன்னடத்திலும் தேவநாகரியிலும் அடுத்தடுத்து வரும் மெய்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கூட்டெழுத்தாகிவிடும். தமிழில் மெய் தலையில் புள்ளி வைத்துக்கொண்டு வரிசையில் தனியாக நிற்கும். ‘இங்கே ஒரு மெய் தனியாக இருக்கிறது பார்’ என்று விரல் நீட்டிக் காட்டுகிற குறி அது. அதை ‘இம்’ என்று வாசித்து நாமே மறைத்துவிடுகிறோம் என்பது என் குறை.

ஒழுங்கு என்றேன். முழு ஒழுங்கு இல்லை. கல், தங்கம், அகம் என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘க’ மூன்று விதமாக வருகிறது. யாரும் நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை; மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் இப்படி, உயிர்களுக்கு நடுவில் வந்தால் அப்படி என்று மூளை தானாகப் பிடித்துக்கொண்டது. எழுத்துக்கு ஓர் ஒலி என்ற கணக்கு இங்கே இல்லை. எழுத்தும் அக்கம்பக்கமும் சேர்ந்துதான் ஒலி. ஐயோ பாவம் என்னும் ‘பாவம்’, நடனக்காரர் முகத்தில் காட்டும் ‘பாவம்’, இரண்டுக்கும் அக்கம்பக்க எழுத்தும் உதவாது; வாக்கியம்தான் உதவும். மறுபக்கம், ‘நான்’ என்ற சொல்லில் முதலில் வரும் ந, கடைசியில் வரும் ன் இரண்டும் வேறு ஒலி என்று படித்தவர் அடித்துச் சொல்வார். நம்மில் பெரும்பாலோர் வாயில் இரண்டும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. கேட்டது காதல்ல, கண்.

கண் பழகும் விதத்திலும் தமிழுக்குத் தனி முத்திரை உண்டு. ஒரு பானையின் கைப்பிடி வலப்பக்கம் இருந்தாலும் இடப்பக்கம் இருந்தாலும் பானை பானைதான். கண் அப்படிப் பார்க்கத்தான் பிறந்திருக்கிறது. ஆங்கிலம் படிக்கும் பிள்ளை இந்த வழக்கத்தை உடைத்தாக வேண்டும். சின்ன எழுத்தில் ‘பி’யைக் (b) கண்ணாடியில் காட்டினால் ‘டி’ (d) ஆகிவிடுகிறதே! தமிழில் அப்படித் திருப்பினால் இன்னொரு எழுத்தாகும் ஜோடியே கிடையாது. 1990-களில் ஈவ் டான்சிகர், எரிக் பெடர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு கோட்டுருவம் பெரிய படத்துக்குள் இருக்கிறதா என்ற கேள்வி; சில இடங்களில் அதன் கண்ணாடி பிம்பம்தான் இருக்கும். தமிழ் மட்டும் படித்தவர்கள், படிக்காதவர்களைப் போலவே, பிம்பத்தையும் ‘இருக்கிறது’ என்று ஏற்கும் பக்கம் சாய்ந்தார்கள். ரோமன் எழுத்தும் தெரிந்த தமிழர்கள் ‘இது திருப்பிப்போட்டது’ என்று பிரித்தார்கள். நம் பிள்ளைகள் ஆங்கில நோட்டில் எழுத்தைத் திருப்பிப் போடுவது கவனக்குறைவு இல்லை. அந்த வேறுபாடு முக்கியம் என்று தமிழ் எழுத்து அவர்களுக்குச் சொன்னதே கிடையாது.

அக்கா வீட்டுக்கு வருகிறேன். அன்றைக்கு ‘ம்’மின் கைப்பிடியைக் கழற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. “வாயை மூடிக்கிட்டு ம்ம்ம்னு சொல்லு. ‘இ’ வேண்டாம்.” இரண்டு பேரும் மாடு மாதிரி முனகினோம். பிறகு ‘பட’ என்று சொல்லி வாயை மூடச் சொன்னேன். “பட…ம்ம். படம்! சினிமா படமா மாமா?” என்றாள்.

அடுத்த வரியில் ‘கொக்கு’ இருந்தது. தமிழ் எழுத்தில் எனக்குப் பெரிய புதிராகத் தெரிவது இந்தக் கொம்புதான். ஒலி க் என்று தொடங்கி ஒ என்று முடிகிறது; எழுத்தோ கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக நிற்கிறது, கடைசி ஒலிக்கான குறி முதலிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. பழைய தட்டச்சுப் பொறியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே முதலில் கொம்பைத் தட்டினார்கள். இன்றைய கணினி காதின் வரிசையில் முதலில் க-வைச் சேமித்து, பிறகு உயிர்க்குறியைச் சேமிக்கிறது. குழந்தை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

அவள் விரல் முதலில் கொம்பின் மேல் போய் நின்றது. “மாமா, இது முன்னாடியே நிக்குது. இதை எப்பச் சொல்லணும்?” நான் வாயைத் திறப்பதற்குள் விரல் கொம்பைத் தாண்டி க-வுக்குப் போனது, அங்கிருந்து காலுக்கு, திரும்ப வந்து கொம்பைத் தொட்டது. “கொ” என்றாள், மெதுவாக.